கணவாய்க் காற்று யாருக்கு?

ஜூன் பிறந்தால் தென்காசிக்காரர்களின் கண் மேற்கு மலையை விட்டு அகலாது. முகட்டில் மேகம் இறங்கியிருக்கிறதா, காற்றில் ஈரம் ஏறியிருக்கிறதா, ராத்திரி குற்றாலப் பேரருவியில் தண்ணீர் எப்படி விழுந்தது என்பதே டீக்கடைப் பேச்சு. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கான இயல்பான தேதி ஜூன் 1. 2023இல் அது ஜூன் 8 வரை காக்க வைத்தது. 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்த மழையில் மிச்சம் மீதி, செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தூறலாக இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும். அதற்குச் சாரல் என்று பெயர். குற்றாலத்துக்குச் சீசன் வாய்ப்பதும் அதனால்தான்.

அதே காற்று குற்றாலத்தோடு நின்றுவிடுவதில்லை. ஈரத்தை மலையடிவாரத்தில் உதறிவிட்டு, பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் என்று கிழக்கே விரிகிற சமவெளியில் உலர்ந்த காற்றாக வீசுகிறது. அங்கே அதற்காகக் காத்திருப்பவை காற்றாலைகள். ஊர்க்காரர்கள் வாயில் அவை ‘காத்தாடி’. தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலின் கோபுர வாசலில் நுழைகிறவர்களை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதும் இதே காற்றுதான். ஒரே காற்று ஓரிடத்தில் அருவியாகிறது, இன்னோரிடத்தில் மின்சாரமாகிறது.

திருநெல்வேலியிலிருந்து பிரித்து 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாக்கப்பட்டது. அதற்குப் பிறகான இந்தச் சில ஆண்டுகளில், பெருநகரங்களில் மட்டும் கேட்டுவந்த மூன்று பேச்சுகள் இங்கேயும் பலமாகக் கேட்கின்றன. ஒன்று, இயற்கையோடு ஒட்டிய வாழ்க்கை. இரண்டாவது, புதிய தொழில்நுட்பம். மூன்றாவது, விளையாட்டும் உடற்பயிற்சியும். சென்னையில் இவை மூன்றும் தனித்தனி வட்டங்கள். தென்காசியில் அப்படிப் பிரிக்க வழியில்லை. இங்கே மூன்றுக்கும் முதல் ஒன்றே: மலை, அதில் பெய்யும் மழை, கணவாயில் வரும் காற்று, அவற்றால் நிறையும் குளங்கள், அவற்றைச் சுற்றியுள்ள பொதுவெளி. ஆகவே ஒரு புதுப் போக்கு நல்லதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: அது இந்தப் பொதுச்சொத்திலிருந்து எடுப்பதற்கு ஈடாக எதைத் திருப்பிக் கொடுக்கிறது?

அருவியிலிருந்தே தொடங்கலாம். குற்றாலம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அருவிகள் பல. பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி, ஐந்தருவி, புலியருவி, பழத்தோட்ட அருவி, பழைய குற்றாலம். திரிகூடமலையில் பிறக்கும் சிற்றாறு இவற்றில் முக்கியமானவற்றுக்குத் தாய். அது தென்காசியைக் கடந்து, வழியெல்லாம் குளங்களை நிரப்பிக்கொண்டு போய்ச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. பேரருவி மேலிருந்து நேரே தலையில் விழுவதில்லை. இடையில் பாறையைக் குடைந்து உண்டான பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்து கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அந்தத் தண்ணீருக்கு அடியில் மனிதர் நிற்க முடியாது. வெள்ளம் வரும் நாளில் குளிக்கும் இடத்தின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும். ‘ஆர்ச்சைத் தாண்டி விழுது’ என்று சொன்னால் அன்று குளிக்கத் தடை என்று பொருள்.

குற்றாலம் சில ஆயிரம் பேர் வாழும் பேரூராட்சி. சீசன் நாட்களில், அதிலும் சனி ஞாயிறுகளில், அது தாங்க வேண்டிய கூட்டம் வேறு எந்தப் பேரூராட்சிக்கும் வாய்த்திருக்காது. கழிப்பறை, உடைமாற்றும் அறை, வாகன நிறுத்தம், குப்பை அள்ளுதல் எல்லாமே நிரந்தர மக்கள்தொகைக்குத் திட்டமிடப்பட்டு, சீசனில் திணறுகின்றன. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தக் கூடாது என்ற தடையை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. தடை சரியானது. எண்ணெய் தேய்த்த உடம்போடு நூற்றுக்கணக்கானோர் நிற்கும் அருவியின் தண்ணீர் கீழே போய் வயலுக்கும் குளத்துக்கும் பாய்கிறது. பாறை வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. ஆனால் தலைமுறையாக எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்தவர்களுக்கு, அருவிக்கரையிலிருந்து தள்ளி, கழிவுநீர் ஆற்றில் சேராத ஓரிடத்தை முறையாகக் கட்டிக்கொடுப்பதும் அந்தத் தடையின் மறுபாதியாக இருக்க வேண்டும். தடுப்பதை மட்டும் செய்தால் தொழில் மறைவாக நடக்கும். எண்ணெய் ஆற்றுக்கே போகும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. சீசன் தொடங்கும் முன்பே, கோடை மழையில் மலைமேலிருந்து திடீர்க் காட்டாற்று வெள்ளம் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை பெய்திருக்கும் என்பதுதான் மலையருவிகளின் ஆபத்து. மேலே பெய்த மழை கீழே வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களை உயிர் காக்கும் நேரமாக மாற்றத் தெரிந்த தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கிறது: மலைமேல் தானியங்கி மழைமானி, ஓடையில் நீர்மட்டம் காட்டும் கருவி, கீழே அபாய ஒலி. மென்பொருள் எழுதும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வேலை பார்க்கும் மாவட்டம் இது. எல்லா அருவிகளுக்கும் இப்படியோர் எச்சரிக்கை வலையைக் கட்டுவதுதான் தென்காசியின் தொழில்நுட்பம் முதலில் செய்யவேண்டிய வேலை.

கூட்டத்தின் இன்னொரு விளைவு தனியார் அருவிகள். இயற்கை ஓடைகளைத் திருப்பிவிட்டு, சிமென்ட் பாறை கட்டி, விடுதிக்குள்ளேயே ‘அருவி’ காட்டும் வழக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் முழுக்கப் பரவியது. 2022 இறுதியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கண்டித்து, அப்படி நீர்வழியைத் திருப்பிய விடுதிகளை மூடி முத்திரையிட உத்தரவிட்டது. விடுதிக்குள் ஓடும் ஓடை கீழே யாருடைய குளத்துக்கும் போவதில்லை என்றால், அந்த விடுதியின் பெயர்ப்பலகையில் ‘இயற்கைச் சூழல்’ என்று எழுதியிருப்பதற்குப் பொருளில்லை.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பயன், எத்தனை வண்டி, எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அரசின் கையில் கிடைப்பது. குற்றாலத்துக்கு அப்படியே அதை ஒட்டிவைக்க முடியாது. இது தென்காசி நகரை ஒட்டியது. உள்ளூர் மக்கள் தினமும் வந்துபோகும் இடம். ஆனால் எண்ணுவதில் தவறில்லை. ஒரு நாளில் பேரருவி எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்விக்கு எண் இல்லாதவரை, எத்தனை கழிப்பறை வேண்டும் என்ற கேள்விக்கும் விடை இருக்காது.

குற்றாலத்தைப் பற்றிப் பேசும்போது பலர் மறந்துவிடுவது அணைகளை. கடனாநதி அணை 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, அடவிநயினார் 132 அடி. இவற்றில் கடைக்குட்டி செங்கோட்டைப் பக்கத்துக் குண்டாறு. மொத்தமே 36 அடிதான். சீசன் பிடித்தால் முதலில் நிரம்பி வழிவது அதுதான். நாளிதழில் அந்தச் செய்தி வந்த பிறகே பல விவசாயிகளுக்குச் சாகுபடி நம்பிக்கை வரும். ஆனால் மாவட்டத்தின் கிழக்குப் பாதி வேறு உலகம். மலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்கள் ஆலங்குளம் வட்டாரத்தில் உண்டு. ராமநதி–ஜம்புநதி மேல்மட்டக் கால்வாய் என்ற கோரிக்கையைக் கேட்டுக் கேட்டே முதியவர்களானோர் அங்கே பலர். பசுமை வாழ்க்கை என்ற பேச்சு அந்த ஊர்களில் எடுபட வேண்டுமானால், குளம் மறுகால் பாய்வதிலிருந்துதான் அது தொடங்க முடியும்.

இனி காத்தாடிகள். தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் ஆகியவற்றின் வழியில் இருக்கிறது. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் பக்கத்து மாவட்டத்துக் கயத்தாற்றில் அமைந்ததும் இந்தக் காற்றை நம்பித்தான். 2022 ஜூலையில் ஒரே நாளில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பன்னிரண்டு கோடி யூனிட்டுக்கு மேல் தந்தன. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தால் சுரண்டையில் இறக்கைகள் நன்றாகச் சுற்றும் என்பது கிட்டத்தட்ட விதி.

1990களில் வரிச்சலுகையை நம்பி நூற்பாலைக்காரர்களும் சிமென்ட் ஆலைக்காரர்களும் நட்ட எந்திரங்கள் பல இன்றும் நிற்கின்றன. 225, 250 கிலோவாட் திறன். உயரமும் குறைவு. நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருப்பவை இந்தக் கிழட்டு எந்திரங்கள்தான். இப்போது வரும் ஒற்றை எந்திரம் இரண்டரை மெகாவாட் என்று வைத்தால்கூட, பத்துப் பழைய எந்திரங்களின் வேலையை ஒன்றே செய்துவிடும். உயரே போகப் போகக் காற்றும் சீராக இருக்கும். இதற்காகவே 2024இல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் ஒரு கொள்கையை வெளியிட்டது. அதிலுள்ள கட்டணங்களைக் காற்றாலை உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அந்தச் சண்டையின் இரு தரப்பும் பேசாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. அது நிலம் கொடுத்த ஊர்.

காற்றாலை நிற்கும் ஊர்களில் ஒன்றுக்கு மாலை நேரத்தில் போய் நின்று பார்த்தால் இது விளங்கும். சோளக்காட்டு நடுவே வெள்ளைக் கம்பம், அதன் அடியில் கம்பிவேலி, உள்ளே ஒரு மின்மாற்றி. வேலிக்கு வெளியே ஆடு மேய்கிறது. மேலே இறக்கை ஒவ்வொரு முறை கம்பத்தைக் கடக்கும்போதும் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். காற்று பலமானால் அந்தச் சத்தம் இரவெல்லாம் கேட்கும். அங்கே உண்டாகும் மின்சாரம் வேறெங்கோ உள்ள ஆலைக்குக் கணக்கு எழுதப்படுகிறது. நிலத்தை விற்றவருக்குக் கிடைத்தது ஒரு தடவைப் பணம். பெரும்பாலும் காவலாளி வேலைதான் ஊருக்குக் கிடைத்த வேலை. எந்திரங்களை மாற்றும் காலம் வரும்போது, ஊராட்சிக்கு ஆண்டுதோறும் ஒரு பங்கு, அந்தப் பங்கில் குளம் தூர்வாருதல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஒருமுறை புது எந்திரத்தை நிறுத்திவிட்டால் அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு யாரும் பேச வாய்ப்பில்லை. பேசவேண்டிய நேரம் இதுதான்.

வீட்டுக்குள் வரும் பசுமைப் போக்குகள் சிறியவை. ஆனாலும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக மட்டும் இருந்த மஞ்சப்பை, கடைத்தெருவுக்குத் திரும்பிவர முயல்கிறது. பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் தின்னக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் வாழையிலையில்தான் தின்கிறார்கள். அந்த இலைக்கு எந்த இயக்கமும் தேவைப்படவில்லை. விலையும் வசதியும் அதைக் காப்பாற்றின. பழக்கம் நிலைக்க வேண்டுமானால் அது மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தென்காசிக்கு அருகிலுள்ள தேன்பொத்தையின் மண்பாண்டத் தொழில் இன்னொரு சான்று. மண்சட்டியில் சமைத்தால் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு பரவியதும், சட்டிக்கும் குழம்புப் பானைக்கும் புதுக் கிராக்கி வந்தது. கேரளத்தில் மீன்சட்டிக்கு எப்போதும் சந்தை உண்டு. கிராக்கி வந்தாலும் மண் வேண்டுமே. மண் இருப்பது குளத்தில். குளத்து வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017இல் அரசு விதியைத் தளர்த்தியது. 2024இல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற வழி செய்தது. குளம் ஆழமாகும், வயலுக்கு உரம் கிடைக்கும், குயவருக்கு மண் கிடைக்கும். ஒரே வேலையில் மூன்று பலன். ஆனால் வண்டல் என்ற பெயரில் மண்ணைச் செங்கல் சூளைக்கும் சாலை வேலைக்கும் அள்ளிப் போகிறவர்களைத் தடுக்காவிட்டால் இந்த நல்ல விதி குளத்தையே தின்றுவிடும்.

போக்குவரத்தில் நடந்திருக்கும் மாற்றத்தை யாரும் ‘பசுமை’ என்ற தலைப்பில் சேர்ப்பதில்லை. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பீடி சுற்றிக் கொடுக்கப் போகும் பெண்ணும், பூ பறித்துச் சங்கரன்கோவில் சந்தைக்குக் கொண்டுபோகும் பெண்ணும், கல்லூரிக்குப் போகும் மகளும் டவுன் பஸ்ஸில் ஏறுகிறார்கள். மின்சார ஸ்கூட்டர் வாங்கும் குடும்பத்தைப் பற்றி வரும் செய்திகளில் பாதியாவது இந்தப் பஸ்ஸைப் பற்றி வந்தால் நல்லது. மறுபக்கம், திருநெல்வேலி–தென்காசி நான்குவழிச் சாலைக்காக ஓரத்து நிழல்மரங்கள் வெட்டப்பட்டன. அந்தச் சாலையில் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு அந்த இழப்பு தினமும் தெரிகிறது.

தொழில்நுட்பம் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் மத்தளம்பாறை. ஸோஹோ நிறுவனம் 2011இல் அங்கே சில பேரோடு அலுவலகம் திறந்தபோது, மலையடிவாரக் கிராமத்தில் மென்பொருளா என்று கேட்டவர்கள் அதிகம். வாடிக்கையாளர் சேவைக்கான ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கேதான் உருவானது. உலகம் முழுக்க விற்கிறது. ஸோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவிலிருந்து மத்தளம்பாறைக்கே குடிவந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுக்கும் ஸோஹோ பள்ளி தென்காசியிலும் நடக்கிறது. கோவிந்தப்பேரியில் கலைவாணி கல்வி மையம் என்ற கட்டணமில்லாப் பள்ளி நடக்கிறது. சென்னையில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு மீதியில் ஊருக்குப் பணம் அனுப்பியிருக்க வேண்டிய பையன், அப்பா அம்மாவோடு வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறான். அதன் மதிப்பைச் சம்பளக் கணக்கில் மட்டும் அடக்க முடியாது. ஆனால் ஒரு நிறுவனத்தின், ஒரு மனிதரின் விருப்பத்தை நம்பி நிற்கும் மாற்றம் அது. அதே பாதையில் அரசுக் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் மற்ற நிறுவனங்களும் வந்தால்தான் மாவட்டம் முழுவதற்குமான பாதை ஆகும்.

தென்காசியில் தொழில்நுட்பத்தின் இன்னொரு முகவரி ஆய்க்குடி. அதைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் குறைவு. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடல்திறன் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். அப்போது அவர் பொறியியல் மாணவர். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கூரைக் கொட்டகையில் சில குழந்தைகளோடு ஆரம்பித்த வேலை இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று ஒரு ஊராகவே வளர்ந்திருக்கிறது. தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்துகொண்டே அவரோடு தோள்கொடுத்தவர் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தையை ஆறு வயதுக்குள் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்தால் நடக்கவும் பேசவும் வாய்ப்பு அதிகம். ஆனால் கிராமத்தில் இயன்முறை மருத்துவர் எங்கே கிடைப்பார்? வாரம் ஒருமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வர அம்மாவுக்குக் கூலிநாள் போகும். இதற்காகச் சங்கம் ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்ற செயலியை உருவாக்கியது. ஊரிலேயே பயிற்சி பெற்ற பெண் ஊழியர் வீட்டுக்கு வருகிறார். குழந்தையின் அசைவு, பேச்சு, விளையாட்டு ஆகியவற்றைச் செயலியில் பதிகிறார். தூரத்திலுள்ள நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள். வீட்டுத் திண்ணையில், அம்மாவின் மடியில், பாயில் வைத்து அந்தப் பயிற்சி நடக்கிறது. மனித உழைப்பைக் குறைப்பதற்காக அல்லாமல், மனிதக் கை எட்டாத இடத்துக்கு எட்டுவதற்காகச் செய்த தொழில்நுட்பம் இது. மாவட்டத்தில் நடக்கும் எல்லாப் புதுமைகளிலும் இதற்கே முதலிடம் கொடுக்கலாம்.

கைப்பேசி நல்ல வேலைக்குப் பயன்படும் இன்னொரு இடம் குளக்கரை. அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. கல்லூரி மாணவர், ஆசிரியர், வங்கி ஊழியர் என்று தன்னார்வலர்கள் விடியுமுன் குளக்கரைக்குப் போகிறார்கள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, வட ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்து எல்லாம் கணக்கில் ஏறுகின்றன. ஒரு குளத்தில் பறவை குறைந்தால் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று பொருள். வாகைக்குளம் போன்ற குளங்களின் பெயர் வெளியூர்வரை தெரிந்திருப்பது இப்படிப்பட்ட தொடர் கவனத்தால்தான். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டங்களுக்கு ரீல்ஸ் எடுக்க வரும் கூட்டத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே பூ மலரும் ஆகஸ்டில் கேரளத்திலிருந்தெல்லாம் கார்கள் வரிசைகட்டும், செடியை மிதித்துவிட்டுப் போவார்கள், நஷ்டம் விவசாயிக்கு.

விளையாட்டில் இந்த வட்டாரத்தின் உயிர்த்துடிப்பு கபடி. ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற சுவரொட்டி ஒட்டாத கோயில் கொடை இருக்காது. 2014இல் புரோ கபடி லீக் வந்தது; 2017இல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. அதன் பிறகு ஊர் ஆட்டத்தின் முகமே மாறிவிட்டது. மண்தரையில் வெறுங்காலோடு ஆடியவர்கள் விரிப்பில் காலணியோடு ஆடுகிறார்கள். ஆட்டம் யூடியூபில் நேரலையாக ஓடுகிறது. துபாயில் இருக்கும் அண்ணன் அங்கிருந்தே தம்பியின் ரெய்டைப் பார்க்கிறான். பெரிய போட்டிகள் விரிப்பில்தான் நடக்கின்றன என்பதால், விரிப்பில் பழகாத கிராமத்துப் பையனும் பெண்ணும் தேர்வில் தடுமாறுகிறார்கள். ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு 2024 முதல் கொடுக்கப்படுகிறது. நல்ல தொடக்கம். அந்தத் தொகுப்பு ஊராட்சி அலுவலகப் பூட்டுக்குள் தூங்காமல் இருக்க, மாலையில் திறந்து கொடுக்க ஒரு ஆள் வேண்டும். உபகரணத்துக்கு ஒதுக்கிய கவனத்தை அந்த ஆளுக்கும் ஒதுக்க வேண்டும்.

சிறு நகரங்களில் புதிதாக முளைப்பது ‘டர்ஃப்’. மணிக்கணக்கில் வாடகை, சுற்றிலும் வலை, மேலே விளக்கு, கீழே பிளாஸ்டிக் புல். வேலை முடிந்து இரவில் விளையாட இளைஞர்களுக்கு இடம் கிடைப்பது நல்லதே. ஆனால் பகல் வெயிலில் அந்தத் தரை கொதிக்கிறது. புல்லிழையும் ரப்பர்த் துகளும் மழையில் அடித்துச் செல்லப்பட்டு வாய்க்காலுக்குப் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் விதி, செயற்கைத் தரைகளில் தூவும் துகள்களை எட்டு ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு விற்பதற்குத் தடை விதிக்கிறது. ஹாக்கியும் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரைக்கு மாறிய ஹாக்கிக்கு, ஆட்டத்துக்கு முன் தரையை நனைக்கத் தண்ணீர் வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருள் கலந்த, குறைந்த தண்ணீர் போதுமான தரையைப் பயன்படுத்தினார்கள். பக்கத்துக் கோவில்பட்டி, ஹாக்கி வீரர்களை நாட்டுக்குத் தரும் ஊர். குடிதண்ணீருக்கு அலைந்த வரலாறும் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட மண்ணில் விளையாட்டுத்தரை எதனால் ஆனது, எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கேட்பது அவசியமான கேள்வி.

எதுவும் குடிக்காத விளையாட்டுகளும் இங்கே உண்டு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலன்று இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது; நூறு கிலோவைத் தாண்டும் வழுவழுத்த உருண்டைக் கல்லை முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்குக் கொண்டுவந்து, தோள்வழியே பின்னால் தள்ளுகிறார்கள். பெண்களுக்கும் போட்டி உண்டு. சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

விளையாட்டும் மலையும் இணையமும் ஒன்றாகச் சந்திக்கும் புது முயற்சி, 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம். 14 மாவட்டங்களில் 40 தடங்கள். இணையத்தில் முன்பதிவு, தடத்துக்கு வழிகாட்டி, ஆளெண்ணிக்கைக்கு வரம்பு, பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை. குற்றாலத்திலிருந்து செண்பகாதேவி அருவிக்குப் போகும் பாதையும் பட்டியலில் உண்டு. வழிகாட்டிகளாக மலையை அறிந்த உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை. இந்தக் காடு 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதி. தெற்கே அகத்தியமலை, 2016இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ண முடிகிற இந்த மேல்பாதைக்கும், எண்ணவே முடியாத கீழ்ப் பேரருவிக்கும் நடைதூரம்தான் இடைவெளி. மேலே முடிந்தது கீழேயும் முடியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு கணவாயின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சாரல் வரும் அதே கணவாயில், புளியரைச் சோதனைச்சாவடி வழியாக, மாவட்டத்தின் பாறைகளை உடைத்து எடுத்த எம்-சாண்டும் ஜல்லியும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. கேரளத்தில் குவாரிகளுக்கு இருக்கும் எதிர்ப்பு, இந்தப் பக்கத்து மலைகளுக்குச் சுமையாக இறங்குகிறது. இதை எதிர்த்து விவசாயிகளும் பொதுமக்களும் பல போராட்டங்கள் நடத்தியிருக்கிறார்கள். கேரளத்திலிருந்து வண்டிகள் வேறொன்றை ஏற்றி வந்ததும் உண்டு: 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே கொடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அள்ளச் சொன்ன பிறகு, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிப்போனார்கள். அள்ளவைக்க முடிந்தது என்பது சின்ன வெற்றி இல்லை. சோதனைச்சாவடியில் எடை, சீட்டு, கேமரா மூன்றையும் ஒரே திரையில் இணைத்துப் பொதுமக்களும் பார்க்கும்படி வைத்தால், பாறை போவதையும் குப்பை வருவதையும் ஊரே கண்காணிக்கும்.

ஆக, தென்காசியில் நல்ல வேலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆய்க்குடி, குளக்கரைப் பறவைக் கணக்கு, செண்பகாதேவித் தடம், கட்டணமில்லாப் பேருந்து ஆகியவை எடுத்ததைவிட அதிகம் கொடுக்கின்றன. விடுதிச் செயற்கை அருவியும் குவாரி லாரியும் எடுப்பதோடு சரி. மத்தளம்பாறையும் காத்தாடிகளும் இடையில் நிற்கின்றன. ஊருக்கு இன்னும் கொடுக்க அவற்றிடம் நிறைய இருக்கிறது. குற்றாலத்துக்கான அவசர வேலைகள் மூன்று: மலைமேல் வெள்ள எச்சரிக்கைக் கருவிகள், அருவிகளில் ஆளெண்ணிக்கைப் பதிவு, சீசன் கூட்டத்துக்கு ஏற்ற நிதியை அந்தப் பேரூராட்சிக்குத் தனியாக ஒதுக்குவது. மூன்றுமே அடுத்த ஜூனுக்குள் செய்யக்கூடியவை.

வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண்ணெய்க் குளியலை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். சோப்பு, ஷாம்பு வேண்டாம், துண்டு போதும். அபாய ஒலி கேட்டால் வெயில் அடித்தாலும் உடனே கரையேறுங்கள். முடிந்தவரை காரை விட்டுவிட்டு வாருங்கள். சென்னை எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் இரவு புறப்பட்டுக் காலையில் தென்காசிக்கு வருகிறது. அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு.